பத்து நிமிடத் தீர்ப்பு

செங்கல்பட்டில் தண்ணி லாரி சின்னையன் என்றால் தெரியாதவர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கொளவாய் ஏரிப் பக்கம் கை காட்டுவார்கள். சொந்தமாக ஐந்து லாரி. ஐந்தும் அவர் உழைப்பில் வந்தவை. அப்பனும் பாட்டனும் அடுத்தவன் கழனியில் அண்டை வெட்டியவர்கள், அவருக்கென்று ஒரு சாண் நிலம்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பதின்மூன்று வயதில் கிளீனராக லாரி ஏறினார். முப்பத்தைந்து வயதில் அதே லாரிக்குச் சொந்தக்காரர் ஆனார். இன்று சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள் முகம் கழுவுவது அவர் கொண்டுபோய் ஊற்றும் தண்ணீரில்தான். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொல்லட்டுமே, பொய்யா என்ன?

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய லாரி வாங்கப் போனால் மெக்கானிக்கைக் கூட்டிப்போக மாட்டார். விற்கிறவன் சொல்லும் கதைக்கும் காது கொடுக்க மாட்டார். ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டுவார். கியர் விழும் சத்தம், ஸ்டியரிங்கில் வரும் நடுக்கம், பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் எப்படித் தள்ளுகிறது, அவ்வளவுதான். கீழே இறங்கி, வேணும் என்பார், இல்லையென்றால் வேணாம் என்பார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வண்டிகூட அவரை ஏமாற்றியதில்லை.

அவருடைய சின்ன மகள் சிநேகாவின் வழி இதற்கு நேர் எதிர். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் நாவலூரில் ஹாஸ்டல், சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்துவிடுவாள். டிவியோடு சேர்த்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தன் முதல் சம்பளத்தில் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் கேம்களைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவதற்கு ஒரு சேனலும் நடத்தினாள். எந்த கேமாக இருந்தாலும் கடைசிவரை ஆடி முடிக்காமல் வாயைத் திறக்க மாட்டாள். முப்பது மணி நேரமானாலும் சரி, அறுபதானாலும் சரி. ஆடுவாள், நோட்டில் எழுதுவாள், எழுதியதை அடிப்பாள். பிறகுதான் பேசுவாள். கேட்பவர்கள் நாலாயிரம் பேர் இருந்தார்கள். நாலாயிரத்தில் ஒருவர்கூட அவள் வீட்டில் இல்லை.

சின்னையன் அந்த சேனலுக்குள் வந்தது தற்செயலாக. ஒரு சனிக்கிழமை சிநேகா கார் ரேஸ் ஒன்றைப் பற்றிப் பேசி ரெக்கார்டு செய்துகொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த சின்னையனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, இருநூறு ஸ்பீடுல வர்றான், பிரேக்க தொட்ட ஒடனே வண்டி நாய்க்குட்டி மாதிரி நிக்குது! வெயிட்டு எங்க போச்சு? பொம்மக் காரா அது? இத்த செஞ்சவன் சைக்கிள்கூட ஓட்டியிருக்க மாட்டான்."

சிநேகா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அப்படியே வீடியோவைப் போட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதிலிருந்து அப்பனும் மகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆறு மாதம்தான் நல்ல காலம் என்று அவர் மனைவி செல்லம்மா இன்றும் சொல்கிறாள். விவசாய கேம் ஒன்று வந்தது. இன்றைக்கு விதைத்தால் நாளைக்கு அறுப்பு. "சேத்துல கால் வெக்காத பையன் கட்டின கழனிடா இது. கள பறிக்க ஆளுங்க எங்க? ஒரு பொம்பளகூடக் குனிஞ்சி நிக்கல" என்றார் சின்னையன். சண்டை கேமில் ஒருவன் நாற்பது அடி வாங்கியும் சட்டை கிழியாமல் எழுந்து நின்றான். "தாம்பரத்துல ஒரே ஒரு அறை வாங்கினேன், மூணு நாளு சோறு மெல்ல முடில" என்றார். பேய் கேமில் அத்தனை பெரிய மாளிகையைப் பூட்டிப் போட்டு வைத்திருக்கிறானே, வாடகைக்கு விட்டால் என்ன என்று கேட்டார். அவர் சொல்லி முடித்ததும் சிநேகா அதற்குள் இருக்கிற விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள். எடை இல்லாத கார் ஏன் மனதில் நிற்காது, வலி தெரியாத அடி ஏன் சண்டையாகாது, உழைக்கிறவன் கண்ணில் படாத வயல் ஏன் வெறும் படமாகிறது என்று பொறுமையாக விளக்குவாள்.

ஜனங்களுக்கு விளக்கம் பிடிக்கவில்லை. 'அக்காவை நிறுத்தச் சொல்லுங்க, தலைவரைப் பேச விடுங்க' என்று எழுதினார்கள். மூத்த மகன் கலைவாணன் லாரி ஷெட்டைப் பார்த்துக்கொள்பவன், செல்போனில் கெட்டிக்காரன். சனிக்கிழமைவரை எதற்குக் காத்திருப்பது என்று நடுவாரத்திலேயே அப்பாவை உட்காரவைத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தான். பத்து நிமிடம் ஆட்டம், உடனே தீர்ப்பு. 'வேணும்', 'வேணாம்'. சிநேகா வரும்போது வீடியோ போயிருக்கும். அவளுடைய நோட்டு டிவிக்குக் கீழே கிடந்தது. ஒரு நாள் கலைவாணன் அதன்மேல் டீ கிளாஸை வைத்திருந்தான். சிநேகா கிளாஸை எடுத்துவிட்டு நோட்டைத் துடைத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள். சின்னையன் அதைக் கவனிக்கவில்லை. பரனூர் டோல்கேட்டில் ஒரு போலீஸ்காரர் அவரை அடையாளம் கண்டு செல்பி எடுத்துக்கொண்ட வாரம் அது.

இதற்கிடையில் சென்னையில் நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்தார்கள். சிநேகாவோடு படித்த ஜெனிஃபர்தான் தலைவி. மூன்று வருட உழைப்பு. கேமின் பெயர் 'ஆமாப்பா'. அதன் கதையை எழுதியவள் சிநேகா. இதை அப்பாவிடம் மூன்று தடவை சொல்லப் போனாள். முதல் தடவை அவர் டயர் வாங்கிய கதையை ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் தடவை, "கத எழுதறியா? என் கதைய எழுது, மூணு பாகம் வரும்" என்று சிரித்தார். மூன்றாம் தடவை போன் வந்தது, எழுந்து போய்விட்டார்.

கேம் வெளியானதும் ஒரு சனிக்கிழமை அதைப் பெட்டியில் ஏற்றி வைத்தாள். "அப்பா, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம நீயும் நானும் ஒக்காந்து இத்த முழுசா ஆடறோம். நாலு மணி நேரம். வேற வேல வெச்சிக்காத" என்றாள். அந்த நாலு மணி நேரம் அவளுக்கு என்னவாக இருந்தது என்று வீட்டில் செல்லம்மாவுக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருடமாக அப்பாவிடம் சொல்ல முடியாததை அதற்குள் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை புதிதாக எதுவும் கைவசம் இல்லை. "இது இன்னாப்பா, பாப்பா ஏத்தி வெச்சிட்டுப் போயிருக்கு, தமிழ் கேமு, செய்ய மூணு வருசமாம்" என்றான் கலைவாணன். ஞாயிற்றுக்கிழமை என்று மகள் சொன்னது சின்னையனுக்கு ஞாபகம் வந்தது. பத்து நிமிடம்தானே, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை ஆடினால் போகிறது என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கினார்.

டிவியில் ஒரு வீடு. கூடத்தில் ஒரு ஆள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான், முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். கதவோரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஆடுகிறவருக்கு ஒரே பட்டன். அமுக்கினால் அந்தப் பெண் 'ஆமாப்பா' என்பாள். அமுக்க அமுக்க அந்த ஆள் அடுத்த கதைக்குப் போவான்.

சின்னையன் ஹாரன் அடிப்பதுபோல் பட்டனை அமுக்கினார். "ஆமாப்பா, ஆமாப்பா, ஆமாப்பா. இன்னாடா இது, பல்லி கத்தற மாதிரி கீது! ஏம்மா, வாய்ல கொழுக்கட்டையா? அந்தாளு ஒருத்தன் பேசினே கீறான், ஊதிப்போன ரேடியோ. அவன எவன் கேக்கறது? இதுக்கு மூணு வருசமாம்! எங்கிட்ட வந்திருந்தா மூணு நாள்ல முடிச்சிக் குடுத்திருப்பேன். வேணாம். ஓட்ட சாமான்."

கலைவாணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் இதுவரை சொன்ன தீர்ப்புகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். வெட்டி ஒட்டி ஊர் முழுக்க அனுப்பினார்கள். அந்தக் கேமைப் பற்றி எங்கே எழுதினாலும் கீழே நூறு பேர் 'பல்லி' என்று எழுதினார்கள். அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிநேகா வந்தாள். சனிக்கிழமை வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"எத்தினி நேரம் ஆடினப்பா?"

"பத்து நிமிசம். ஏன், அதுல இன்னா கீது ஆடறதுக்கு?"

"நான் எழுதினதுப்பா அது."

சின்னையன் கலைவாணனைப் பார்த்தார். கலைவாணன் தரையைப் பார்த்தான்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா நல்லதா நாலு வார்த்த பேசியிருப்பேனே."

"நல்லதா பேசச் சொல்லி நான் கேக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "ஆடச் சொன்னேன். அவ்ளோதான்."

செல்லம்மா காபி எடுத்து வருவதற்குள் போய்விட்டாள்.

சின்னையனுக்குக் கோபம் வந்தது. ஊரே பாராட்டுகிறது, பெற்ற மகளுக்கு ரோஷம் என்றார். லாரி ஷெட்டுக்குப் போய் டிரைவர்களிடம் கத்தினார். மூன்றாம் நாள் காலையில் யாரையும் கூப்பிடாமல் டிவியைப் போட்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து, "ஏ செல்லம்மா! ஓடியா!" என்று ஒரு சத்தம். செல்லம்மா கை ஈரத்தோடு வந்தாள். டிவியில் அந்த ஆள் பூஞ்சேரி திருப்பத்தில் பிரேக் பிடிக்காத லாரியை வைக்கோல் போரில் ஏற்றி நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என் கததான் இது! வார்த்தைக்கு வார்த்த! நான்தான் ஈரோ! பாத்தியா, எங்கப்பன் மாதிரி உண்டாடான்னு எழுதி வெச்சிருக்குது பாப்பா!"

செல்லம்மா டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் சரிய்யா. அந்தப் பொண்ணு முதுகுக்குப் பின்னால கையில இன்னா வெச்சிகினு கீது?"

அவர் அதுவரை அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனார். ஒரு கப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

"பேச்சுப் போட்டியில வாங்கினது. ஜில்லாவுலயே பஸ்ட்டு. ஒம்பதாவது படிக்கறப்ப. உங்கிட்ட காட்டணும்னு மூணு நாளு கையிலயே வெச்சிகினு நின்னா. நீ மூணாவது லாரி வாங்கின சமயம். அப்புறம் பீரோ மேல போட்டுட்டா."

சின்னையன் பட்டனை அமுக்கினார். 'ஆமாப்பா' என்றது அந்தப் பெண். அந்த ஆள் அடுத்த கதைக்குப் போனான். மறுபடி அமுக்கினார், இன்னொரு கதை. எல்லாம் அவருடைய கதைகள், ஒன்றுவிடாமல். எட்டாவது கதையில் அவருக்கே சலித்தது. "போதும்டா டேய், திரும்பிப் பாருடா" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். அவன் திரும்பவில்லை. பட்டனை அமுக்காமல் பேசாமல் நின்றால் அவன் ஒரு கட்டத்தில் ஓய்வான், திரும்புவான், 'இன்னா கண்ணு' என்று கேட்பான். அப்படித்தான் அந்தக் கேமைச் செய்திருந்தார்கள். அது அவருக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. அவன் திரும்பியபோது பெண் பேச ஆரம்பித்தாள். கேட்டது சிநேகாவின் குரல்தான். ஏழு நிமிடம் பேசினாள். சின்னையன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் கலைவாணனைக் கூப்பிட்டு, எடுடா வீடியோ என்றார். சட்டையை மாற்றவில்லை, தலை வாரவில்லை.

"நான் சின்னையன் பேசறேன். அந்த கேமப் பத்தி நான் சொன்னது தப்பு. ஆடாம சொன்னேன். அது என் பொண்ணு எழுதினது. அதுல வர்ற மடையன் நான்தான். எல்லாரும் வாங்கி முழுசா ஆடுங்க." சொல்லிவிட்டு அழுதார். கலைவாணனே போனை இறக்கிவிட்டான்.

அறுபத்து மூன்று வயதில் அவர் முதன்முதலாகத் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான். சாயங்காலம் கமெண்டுகளைக் கலைவாணன் படித்துக் காட்டினான். 'தலைவர் அழுவுற சீன் மாஸ்.' 'நடிப்புல பிச்சி ஒதறிட்டாரு.' 'பல்லி பார்ட் டூ எப்போ?' அழுகிற முகத்தை வெட்டி எடுத்து, கீழே 'ஆமாப்பா' என்று எழுதி, ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். ஒருவராவது நம்பவேண்டுமே! கலைவாணன் பாதியில் நிறுத்திவிட்டான். "இத்தோட போதும்பா" என்றான்.

சின்னையன் தானே சிநேகாவுக்குப் போன் போட்டார். ஆறாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள். ஆபீஸ் விடும் நேரம், பின்னால் ஷட்டில் பஸ்களின் இரைச்சல்.

"பாத்தியாம்மா வீடியோவ?"

"பாத்தேன்பா."

"மெய்யாலுமே சொன்னேன். இவனுங்க சிரிக்கிறானுங்க. பழசெல்லாம் அழிச்சிடலாமா?"

"அழிச்சா மட்டும்? ஆயிரம் எடத்துல கீதுப்பா. வுடு. ஜெனிஃபருக்கு பெங்களூர்ல வேல கெடச்சிடுச்சி, அடுத்த மாசம் போறா. மத்தவங்களும் வேற வேல பாத்துகினு கீறாங்க. சேனல அண்ணன் பேருக்கே மாத்திடறேன். இனிமே நீங்களே நடத்துங்க."

"எனக்கு எதுக்கு சேனலு?" என்றார். தொண்டை வரைக்கும் நிறைய வந்தது. கேமை முடித்துவிட்டதைச் சொல்ல வேண்டும், பூஞ்சேரி கதையைப் பிசகாமல் எழுதியிருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விழுங்கினார். "நீ பேசும்மா. நான் ஒண்ணும் பேசல, கேக்கறேன். நீ இன்னா வோணா சொல்லு."

வாயை இறுக்க மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்துக் காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது, கதவு திறந்தது, யாரோ படூர், கேளம்பாக்கம் என்று கூவினார்கள். பஸ் போயும்விட்டது.

"சொல்லணும்னு இருந்ததெல்லாம் அதுலயே சொல்லிட்டேன்பா" என்றாள் சிநேகா. "இப்போ ஒண்ணும் இல்ல."

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. செல்லம்மா வந்து எட்டிப் பார்த்தபோது சின்னையன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்தடுத்த பஸ்களைக் கேட்டபடி.