நாலு எஞ்சினும் சேர்ந்து கிளம்பிய காலை

டிவி போர்டு, யுபிஎஸ் என்று இருபத்தைந்து வருடம் சால்டரிங் அயர்ன் பிடித்தவன் நான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. மாடல் ரயில் எஞ்சினுக்கு விளக்கு வைக்கும் வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதில் இறங்கப்போகும் பிள்ளைகளுக்காக, என் வாயை அடைத்த ஒரு காலையைச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் டிகோடர் என்று விரல் நகம் அளவு போர்டு இருக்கும். தண்டவாளம் வழியே கரண்டோடு கட்டளையும் அதற்குப் போகும். எஞ்சினுக்கு ஒரு அட்ரஸ் நம்பர் உண்டு. விளக்கு எரிவது, மங்குவது, மினுக்குவது எல்லாம் சிவி என்கிற எண்ணிட்ட அறைகளில் நாம் எழுதும் மதிப்பைப் பொறுத்தது.

ஸ்டெல்லா டீச்சர் பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர். அவருடைய பிளஸ் ஒன் மாணவிகள் நாலு குழுவாக மூன்று மாதம் உட்கார்ந்து நாலு எஞ்சினுக்கு விளக்கு புரோகிராம் செய்திருந்தார்கள். நீராவி எஞ்சினில் அடுப்பு நெருப்பு தணிந்து எழும். கூட்ஸ் எஞ்சினில் ஆபத்து நேரத்துக்கான மஞ்சள் பிளாஷர் மினுக்கும். டிகோடரைப் பொருத்தியது மட்டும்தான் நான். ஒவ்வொரு குழுவையும் ரெக்கார்டு நோட்டு எழுத வைத்து, டீச்சர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். “பொம்மை ரயிலுக்குமா டீச்சர் ரெக்கார்டு?” என்று நான் சிரித்திருக்கிறேன்.

அறிவியல் கண்காட்சி அன்று காலை டீச்சரிடமிருந்து போன். “பாய், பிளாஷர் எரியல. பத்து மணிக்கு நடுவருங்க வந்துருவாங்க. செத்த வந்துட்டுப் போங்க.”

ஒன்பது மணிக்குப் போனேன். சிவி குழம்பியிருக்கும், ரீசெட் செய்து மறுபடி எழுதினால் ஆச்சு என்று நானே முடிவு கட்டினேன். எட்டாம் சிவியில் எட்டு என்று எழுதினால் டிகோடர் புதுசாகிவிடும், அட்ரஸ் மூன்றாகிவிடும். எழுதினேன். கன்ட்ரோலரில் அட்ரஸ் மூன்றைப் போட்டு வேகக் குமிழைத் திருகினேன். நாலு எஞ்சினும் சேர்ந்து கிளம்பின.

புரோகிராம் செய்யும்போது தண்டவாளத்தில் ஒரு எஞ்சின்தான் நிற்க வேண்டும்; இல்லையென்றால் நிற்கிற எல்லாவற்றிலும் எழுதிவிடும். அவசரத்தில் மற்ற மூன்றை எடுத்து வைக்காமல் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதியது நாலிலுமே அழிந்துவிட்டது.

“என்ன அங்கிள், அடுப்பு நெருப்பையும் காணோம்?” என்றாள் ஒரு மாணவி.

“தப்பு என்னோடதும்மா. அம்புட்டையும் அழிச்சுப்புட்டேன்.”

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்படியே ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

டீச்சர் கத்தவில்லை. “அழுதது போதும். ரெக்கார்டு நோட்டை எடுங்க” என்றார்.

நாலு நோட்டு. கட்டம் கட்டி சிவி எண், மதிப்பு, விளக்கு என்ன செய்தது என்பது வரை எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு எஞ்சினாகத் தனியே நிறுத்தி, பிள்ளைகள் வாசிக்க வாசிக்க எழுதினேன். அடுப்பு நெருப்பு திரும்ப எழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசியாகக் கூட்ஸ் எஞ்சின். சரியாக எழுதியும் பிளாஷர் எரியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஆட்டோவில் வந்த குலுக்கலில் எல்இடி வயர் விட்டிருக்கிறது! ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். மினுக்கியது. பத்து மணியாக ஐந்து நிமிடம். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் டீச்சர் நீட்டிய டீயை வாங்கினேன்.

ஆகவே பிள்ளைகளே, முதலில் வயரைப் பாருங்கள், பிறகு சிவியைத் தொடுங்கள். தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் மட்டும். எழுதிய மதிப்பு நோட்டிலும் இருக்கட்டும்.

மறுவாரம் நானும் ஒரு ரெக்கார்டு நோட்டு வாங்கி, அந்த நாலு எஞ்சினையும் எழுதி டீச்சரிடம் நீட்டினேன். நிதானமாகப் புரட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு மேலே “தாமதமாகச் சமர்ப்பித்தார்” என்று எழுதிக் கொடுத்தார்.