கப்பலேறிய சீர் வண்டி

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டவள் என்று சொன்னால் போதும், "கொடுத்து வைத்தவள்" என்று பெருமூச்சு விடுவார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தியாவது எங்கள் இலஞ்சி வீட்டு அடுப்படியில் ஆனியும் ஆடியும் நின்று பார்த்திருக்க வேண்டும். அப்புறம் யார் கொடுத்து வைத்தவர் என்று பேசிக்கொள்ளலாம்.

மலையில் மேகம் இறங்கி முதல் சாரல் விழுந்ததும் எங்கள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கும். மதுரைச் சம்பந்திகள், அந்தச் சம்பந்திகளின் சம்பந்திகள், திருநெல்வேலி வக்கீல்கள், அந்த வக்கீல்களுக்கு வேண்டியவர்கள். எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அருவியில் குளித்தால் பசி வயிற்றைப் பிய்க்கும். அந்தப் பசி என் தலையில்தான் வந்து விடியும். ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி. மாமியார் காலமாகிவிட்டார். மூத்தவரின் மனைவியும் காலமாகிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் சமைக்க என்று இருந்தவள் நான் ஒருத்தி. கூடமாட ஒரு வேலைக்காரி, அவ்வளவுதான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி அருவி. கல்யாணமான நாளிலிருந்து சாரல் காலத்தில் நான் அதில் தலை நனைத்ததில்லை. சீசன் முடிந்து பாறையில் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகும்போது, "இப்ப போய்க் குளிச்சுட்டு வா தாயி" என்று பெரிய மனது பண்ணுவார் மூத்தவர்.

மூத்தவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். வீட்டுப் பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களுக்கு இலை போடாமல் விட்டால் உயிரை விட்டுவிடுவார். அந்த இலையில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. செங்கோட்டையில் மலைச்சரக்கு வியாபாரம் பண்ணிய என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த வண்டி அது. மேலே கித்தான் கூரை, பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஊதல். சீர் எனக்கு, சவாரி ஊருக்கு. தென்காசி ஸ்டேஷனிலிருந்து விருந்தாளிகளை ஏற்றி வர, அருவிக்குக் கொண்டுபோய்விட, பண்பொழி மலைக்கோவிலுக்குக் கூட்டிப்போக என்று வண்டி ஓயாது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவருக்கு அந்தக் கார் என்றால் உயிர். நான் அதில் ஏறினால் பின்சீட்டில், யாராவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவேன்.

நான் சொல்ல வந்த சண்டை நடந்தது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. ஒரு மாசி மாதம், தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன்.

"இந்தச் சாரலுக்கு நான் இங்கன இருக்கப் போறதில்ல."

"எங்கன போகப் போற?"

"கொழும்புக்கு. கண்டிக்கு. நம்ம வண்டியிலயே."

வண்டியிலே என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் ஆசையை விட வண்டியின் ஆசை அவருக்குச் சீக்கிரம் புரிந்தது. இலங்கையில் தேயிலை மலை வரைக்கும் நல்ல ரோடு உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் கையில் இருந்தது என் பேரில் இருந்த ஒரு தோப்பின் தேங்காய்ப் பணம் மட்டும்தான். பெட்டிச் சாவியைக் கேட்டால் கதை கந்தல். ஆகவே மலிவாகக் கடல் தாண்ட வழி பார்த்தோம்.

தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும். மேல்தளத்தில் காரைக் கட்டிக் கொண்டுபோன தோணியும் உண்டு என்று கேள்விப்பட்டு, டயர் வாங்கப் போன சாக்கில் அவர் விசாரித்து வந்தார். ஒரு தோணிக்காரர், வண்டியை ஏற்றலாம், கூலியும் அதிகமில்லை என்று சொல்லியிருந்தார். எந்த மாதம் என்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது கேட்கவேண்டிய விஷயமாகவே படவில்லை. தென்காசிக்காரனுக்கு ஆனி, ஆடியை விட நல்ல மாதம் உலகத்தில் உண்டா?

வைகாசிக் கடைசியில், திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் காரில் கிளம்பி, தோணியைப் பேசி முடிக்கத் தூத்துக்குடி போனோம். கடற்கரையில் தோணிகள் பாய் இறக்கிச் சும்மா கிடந்தன. ஒன்றுக்கு ஆட்கள் அடியில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். காற்று என் முந்தானையைப் பிடுங்கியது. தோணிக்காரர் எங்களைப் பார்த்து மரியாதையாகத்தான் சிரித்தார்.

"அண்ணாச்சி, இந்த மாசத்துல தோணி எங்கன ஓடும்? உங்க ஊர்ல சாரல் கொண்டாருத காத்துதான் இங்கன கடலப் பொரட்டிப் போடுது. ஆவணி கழியட்டும். காரு என்ன, தேரு கொண்டாந்தாலும் ஏத்துதேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. என் வீட்டுக்கு விருந்தாளிகளை ஊதிக் கொண்டுவருகிற அதே காற்று, நான் தப்பித்துப் போகிற தோணியைக் கரையில் கட்டிப்போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஆவணி கழிஞ்சே போவோமே."

"ஆவணி கழிஞ்சா பந்தியும் முடிஞ்சிரும். பொறவு நான் எதுக்குப் போவணும்?" என்றேன்.

அங்கிருந்து நேரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போனோம். நான் காரிலேயே இருந்தேன். குமாஸ்தா ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, "எந்தத் துரையோட வண்டி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இவர் பதில் சொல்வதற்குள் நான் இறங்கி ஜன்னலுக்கு வந்துவிட்டேன். "துரையில்ல. என் வண்டி" என்றேன். அதன்பிறகு அவர் பேச்சில் கொஞ்சம் பணிவு கூடியது, ஆனால் கட்டணம் குறையவில்லை. பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் கொண்டுபோய்க் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். தோப்பையே விற்றாலும் கட்டாது போலிருந்தது.

போனால் போகிறது என்று குமாஸ்தாவே இன்னொரு வழியும் சொன்னார். மண்டபம் வரை காரை ஓட்டிப் போய், அங்கே ரயில் டிரக்கில் ஏற்றி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போகிற கப்பலில் அனுப்பலாம். காற்றடித்தாலும் அந்தக் கப்பல் போகும். கார் போக மிச்சமிருக்கிற பணத்தில் எங்களுக்கு மூன்றாம் வகுப்புத்தான் கிடைக்கும்.

"மூணாம் கிளாஸ்னா மண்டபத்துக் காம்ப்ல தங்கணும். தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவங்களோட. நோய் நொடி இல்லைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் விடுவாங்க" என்றார் குமாஸ்தா.

"அப்ப காரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"காருக்குக் காம்ப் கிடையாது. அது நேரே போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். "தங்குவோம்" என்றேன்.

தென்காசி ஸ்டேஷன் மூலமாக எழுதி, ஆடி பிறக்கும்போதுதான் டிரக்குக்கு ஏற்பாடு ஆனது. ஸ்டேஷனில் சொன்னால் ஊரில் தண்டோரா போட்ட மாதிரிதானே. சாயங்காலத்துக்குள் பெரியத்தான் கூடத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"ஏலே, ஊரெல்லாம் இங்கன வருது. இவ எங்கன ஊர் பாக்கப் போறா? அதுவும் கூலியாளுங்களோட காம்ப்ல கெடந்து? குடும்ப மானம் கப்பலேறப் போகுது."

அவருக்கு மானம் கப்பலேறும் கவலை. எனக்கோ கார் கப்பலேறுமா என்பதுதான் கவலை. நான் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, போறதுன்னா ரெண்டுபேரும் போங்க. வண்டிய வச்சுட்டுப் போங்க. வாரவங்கள அருவிக்குக் கூட்டிட்டுப் போவ ஒரு டிரைவரப் பாத்துக்கிடுதேன்."

என்னை விட்டுவிட அவருக்குச் சம்மதம், வண்டியை விடத்தான் மனசில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரைக்கும் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"பெரியத்தான், அந்த வண்டி என்னோட வந்தது. என்னோடதான் போகும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தென்காசி ஸ்டேஷனைத் தாண்டும்போது, அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கிய மதுரைச் சம்பந்தி வீட்டார் பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் காரைக் கண்டதும் கையை ஆட்டினார்கள். சம்பந்தி அம்மாள் பெட்டியைத் தூக்கக்கூடச் செய்துவிட்டார். பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரரின் கால் பிரேக்குக்குப் போனது.

"போங்க" என்றேன்.

"ஏட்டி, பாத்துட்டாவளே."

"பாக்கட்டும். போங்க."

ஊதலை அமுக்கிவிட்டுப் போனார். சம்பந்தி அம்மாள் கை அப்படியே நின்றதை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாவம் என்று தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

மண்டபத்தில் காரை டிரக்கில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். என் சீர் எனக்கு முந்தியே கடல் தாண்டிப் போய்விட்டது. எங்களைக் காம்ப்பில் நிறுத்தி, கையைப் பிடித்துப் பார்த்து, துணிகளை வாங்கி நீராவியில் வைத்துக் கொடுத்தார்கள். அங்கே சமைத்துத்தான் போட்டார்கள். கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு குழம்பு, கல் பொறுக்காத அரிசி. ஆடி மாதத்தில் நான் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறிச் சாப்பிட்ட முதல் சோறு அது. இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் கேட்டாள். கைக்குழந்தைக்காரி.

"நீங்க எந்தத் தோட்டத்துக்குங்க?"

"தோட்டத்துக்கு இல்ல. ஊர் சுத்திப் பாக்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேலைக்கு இல்லாமலா இங்க வந்து கிடக்கீங்க?" என்றாள். பிறகு குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அப்ப நாங்க கொழுந்து கிள்ளுறதையும் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்கு வருகிற சீசன் விருந்தாளியைப் பார்த்து நான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தையை அவள் வாய்விட்டு என்னிடம் சொல்லிவிட்டாள். அதற்காகத் திரும்பிப் போக எனக்குத் தோன்றவில்லை.

இலங்கையில் பார்த்ததை எல்லாம் எழுதப் போவதில்லை. தலைமன்னாரில் வண்டி மண்ணும் உப்புமாக நின்றது. அதைத் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி சிரித்தார். கண்டியைத் தாண்டி மலை ஏறும்போது ஓர் அருவி வந்தது. எல்லா வண்டியும் அங்கே நின்றது. அவரும் நிறுத்தப் போனார். "எனக்கு அருவி வேண்டாம்" என்றேன். தேயிலைத் தோட்டம் வந்தபோதும் நிறுத்தச் சொல்லவில்லை. சரிவில் கூடை கட்டி நின்ற பெண்களை நின்று பார்க்க எனக்குக் கூசியது.

ஊருக்குத் திரும்பும்போது ஆவணி பிறந்துவிட்டது. சாரல் இன்னும் விடவில்லை. தென்காசி வந்ததும் வண்டி வழக்கம்போல இலஞ்சிப் பக்கம் திரும்பப் போனது.

"வீட்டுக்கு இல்ல. அருவிக்கு" என்றேன்.

பேரருவியில் தண்ணீர் நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய் நின்றேன். முதுகில் விழுந்த அடியில் மூச்சு நின்றுபோனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்கள் போதும் என்று சொல்லும் வரை நின்றேன். அழுதேனா என்று கேட்டால், அந்தத் தண்ணீரில் யாருக்குத் தெரியும்? அழுதேன்.

ஈரத் தலையோடு வீட்டுக்குள் போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் துண்டு கட்டிய, கூலிக்குச் சமைக்கும் ஒரு தவசிப்பிள்ளை வாளியும் கரண்டியுமாகக் குழம்பு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீரு எப்ப வந்தீரு?" என்று கேட்டேன்.

"நீங்க கெளம்பின மறுநாளே சொல்லிவிட்டாவ தாயி. தென்காசியிலதான் நமக்கு வீடு" என்றார் அவர்.

மறுநாளே. தென்காசியில்தான் வீடு. இத்தனை வருஷமும் கூப்பிட்டால் வந்திருக்கக்கூடியவர், கூப்பிடு தூரத்தில் அருவியைப் போலவே இருந்திருக்கிறார். கூப்பிடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இருந்தேனே. கடல் தாண்டிப் போனதில் எனக்கு வந்த சந்தோஷம் எல்லாம் அந்த நொடியில் கோபமாகிவிட்டது. வாளியைப் பிடுங்கி எறியலாமா என்றுகூட நினைத்தேன்.

பெரியத்தான் கூடத்து வாசலில் வந்து நின்றார். என் தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுவதைப் பார்த்தார். அவர் கண் தானாக அடுப்படிப் பக்கம் போனது. நான் அங்கே போவேன் என்று நினைத்திருப்பார்.

பெண்கள் பந்தியின் கடைசியில் ஓர் இலை ஆளில்லாமல் கிடந்தது. போய் அதன் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.

"அருவியில குளிச்சுட்டு வந்திருக்கேன், நல்ல பசி" என்று தவசிப்பிள்ளையிடம் சொன்னேன். "சோத்தப் போடும்."