ஏழு முறை விற்ற பலாப்பழம்

தெஹியோவிட்டவிலிருந்து மேலேறும் பாதையில், ரப்பர்த் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருக்கும் சின்னத் தேவாலயம் கணக்கு விஷயத்தில் எதையும் மறைத்ததில்லை என்று அதன் செயலாளர் இந்திரகுமார் அடிக்கடி சொல்வார். அது பொய்யல்ல. வாசலிலேயே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருந்தது. அதற்குள்ளே வரவுசெலவுக் கணக்கு ஒட்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார்கள். கணக்கு மட்டும் 2016ஆம் ஆண்டுக்கு உரியது. பலகைப் பூட்டின் சாவி அதை ஒட்டிய வருடமே தொலைந்துவிட்டது. அன்று முதல் நாற்பத்தாறு குடும்பங்களும் ஒரே கணக்கை ஒளிவுமறைவின்றிப் பார்த்து வந்தன.

சபைக்குக் கணக்குப் பரிசோதகர் ஒருவரும் இருந்தார். தானியேல் அழகமுத்து. தானியேல் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. 1967 முதல் 2008 வரை, நாற்பத்தோரு வருடம், தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுத்தவர். ஆட்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் மீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, தண்ணீரைக் கழித்து எழுதுவது வேலை. அரைக் கிலோவை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் அந்த நாற்பத்தோரு வருடத்தில் அவருக்கு நண்பர்கள் குறைவு. வேலை முடிந்தபின் வீட்டிலும் எழுதினார். மழை எத்தனை மில்லிமீட்டர், ஆறரை மணி பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது, லயத்து வரிசை வீடுகளில் யார் பிறந்தார், யார் போனார் எல்லாம் கொப்பி கொப்பியாக இருந்தன.

இப்படிப்பட்டவரைப் பரிசோதகராக்கியது சபைக்குப் பெரிய பெருமை. ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு இந்திரகுமார் கணக்கைக் கொண்டுவருவார், கூடவே சீனி தூவிய இரண்டு பனிசு ரொட்டியும். அழகமுத்து ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். 2018இல் ஒரு ரூபாய் பிழை கண்டுபிடித்தார். அடுத்த நாள் போதகர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிப் பாராட்டினார். கூட்டல் அதற்குப் பிறகு பிழையானதே இல்லை. எதைக் கூட்டினார்கள் என்று கேட்பதும் பரிசோதகரின் வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

2024 ஜனவரியில், கணக்கு வருவதற்கு நான்கு நாளைக்கு முன், வெள்ளையம்மா அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். எழுபத்தொரு வயது. முப்பத்தாறு வருடம் பால் வெட்டியவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள்.

“டொக்டர் என்னா சொன்னாரு?”

“நெஞ்சு பலவீனமாம். படி ஏறாதேன்றாரு. நம்ம தோட்டத்துல படி இல்லாத எடம் எதுன்னு கேட்டேன். சிரிக்கிறாரு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அண்ணே, எம் பெட்டி இருக்கா?”

அவள் கேட்டது சவப்பெட்டியை. 1994இல் அவள் புருஷன் இறந்தபோது ஸ்டோரில் கிடந்த பழைய பலகையில் பெட்டி அடித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் தோட்டத்தின் பெயரும், ‘நிகர நிறை ஐம்பது கிலோ’ என்பதும் அச்சாகியிருந்தன. அழித்தும் போகவில்லை. மூன்று வருடம் கழித்துச் சபை மரண உதவி நிதி தொடங்கியபோது முதலில் பேர் கொடுத்தவள் அவள்தான். இருபத்தாறு வருடமாக மாதம் தவறாமல் கட்டினாள். பொலிஷ் போட்ட, கைப்பிடி வைத்த பெட்டி. அதற்கு மேல் அவள் சபையிடம் எதையும் கேட்கவில்லை.

“இருக்கும். போன வருசக் கணக்குல ஒரு லட்சத்துச் சொச்சம் காட்டியிருந்திச்சி.”

“காட்டுனத நானுந்தான் கேட்டேன். பேங்க் புத்தகத்த பாத்தீங்களா?”

அழகமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எம் பால்ல தண்ணி இருக்குன்னு இருவது வருசம் கழிச்சீங்க. மழ நாள்ல மூணு கிலோ கூட கழிச்சிருக்கீங்க. இவங்க வாளியில மட்டும் மீட்டர் போட மாட்டீங்களோ?”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த நான்கு நாளும் அவர் மழைக் கணக்கு எழுத மறந்தார்.

சனிக்கிழமை இந்திரகுமார் வந்தார், கணக்கும் பனிசுமாக. வரவில் முதல் வரியே கொழுத்திருந்தது: ‘அறுப்புப் பண்டிகை ஏலம் — 1,87,400.’ கீழே விவரம் இருந்தது. அழகமுத்து விரலை வைத்து வாசித்தார். பலாப்பழம் ஒன்று, மூவாயிரம். பலாப்பழம் ஒன்று, ஐயாயிரம். இப்படியே ஏழு பலாப்பழம்.

“தம்பி, ஏழு பலாப்பழம் எங்கேருந்து வந்திச்சி? செப்டம்பர்ல மேல்பிரிவு மரத்துல மட்டுந்தானே காய் இருந்திச்சி?”

“ஒரு பழந்தாண்ணே. ஏழு தரம் போச்சி. நீங்களும் இருந்தீங்களே.”

இருந்தார். அறுப்புப் பண்டிகையில் ஜனங்கள் காய்கறி, கோழி, பழம் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் மைக்கில் ஏலம். ஏலத்தில் எடுத்தவர், “ஆண்டவருக்கே திரும்பக் குடுக்கிறேன்” என்று பொருளைத் திருப்பி வைப்பது அங்கே வழக்கம். உடனே சபை கைதட்டும், அதே பொருள் மறுபடி ஏலத்துக்குப் போகும். அன்று அந்தப் பலாப்பழத்தை முதலில் மூவாயிரத்துக்கு எடுத்துத் திருப்பி வைத்தவர் இந்திரகுமார். அடுத்தது ஐயாயிரம், பிறகு ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம், பத்தாயிரம். ஆறாம் சுற்றில் போதகர் பிரதீபன் பன்னிரண்டாயிரம் கூப்பிட்டபோது சில பெண்கள் அழுதார்கள். ஏழாம் சுற்றில் யாரும் வாய் திறக்கவில்லை. கொடுக்க வேண்டிய பெருமையெல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. மலிவாகக் காய்கறி எடுக்க வந்திருந்த கடைக்கார மீராசாஹிப் எண்ணூற்று ஐம்பது சொன்னார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். பழத்தைத் தூக்கி முச்சக்கர வண்டியில் வைத்தார்.

“பேங்க் புத்தகத்த காட்டுங்க.”

இந்திரகுமார் பனிசுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “என்னாண்ணே, இத்தன வருசம் இல்லாம?”

“இத்தன வருசம் இல்லாததுனாலதான்.”

புத்தகம் வந்தது. ஏலத்தில் கையில் வந்த காசு 52,900. பலாப்பழத்தின் 46,350இல் வந்தது 850, மீராசாஹிப் கொடுத்தது. சபையின் ஏழு பலாப்பழத்துக்கும் ரொக்கமாகக் கொடுத்த ஒரே மனிதர் பள்ளிவாசலுக்குப் போகிறவர். மற்றவர்கள் ஆண்டவருக்குக் கொடுத்தார்கள். ஆண்டவர் ரசீது கேட்கிறவரல்ல. இதற்கிடையில் 1,87,400 வந்துவிட்டது என்று நம்பி, அந்த விலைக்கே புதிய ஒலிபெருக்கி வாங்கியாயிற்று. குறைந்த 1,34,500 மரண உதவி நிதியிலிருந்து ‘தற்காலிகமாக’ எடுக்கப்பட்டிருந்தது. நிதியில் மிச்சம் 17,500. கணக்குத் தாளில் அதே நிதி 1,52,000 என்று கம்பீரமாக நின்றது. கூட்டல் அணுவும் பிசகவில்லை.

“தெஹியோவிட்ட மல்சாலாவுல, அந்த சவப்பெட்டி கடையில, கைப்பிடி வச்ச பெட்டி என்னா விலைன்னு தெரியுமா?” என்றார் அழகமுத்து. “நாப்பத்தஞ்சாயிரம். நேத்து போய் கேட்டேன். ஆருக்குன்னு அந்த முதலாளி கேட்டாரு. சொல்ல வாய் வரல்ல.”

“இப்ப ஆரும் சாகல்லியேண்ணே.”

“அவுங்க ஒங்களுக்காக காத்திருக்கணுமா?”

இந்திரகுமாருக்குக் கோபம் வரவில்லை. நல்ல செயலாளருக்கு அது வராது. “அண்ணே, வெளிநாட்டு சபை கூரைக்கு காசு தாறதா எழுதியிருக்கு. பரிசோதகர் கையெழுத்து வச்ச கணக்கு கேக்குறாங்க. நாளைக்கு நீங்க வச்சா கூரை. வைக்காட்டி எல்லாரும் நனையறோம்.” கொஞ்சம் நிறுத்தி, தாளின் மூன்றாம் பலாப்பழத்தில் விரலை வைத்தார். “இந்த ஏழாயிரத்தைநூறு ஆருன்னு ஞாபகம் இருக்கா?”

அழகமுத்துவின் பெயர்.

அவர் உள்ளே போய் அந்த வருடக் கொப்பியை எடுத்தார். 2023 செப்டம்பர் 24: ‘மழை இல்லை. ஆராதனை 9.05க்கு. ஏலம். பலாப்பழம் மூன்றாம் சுற்றில் எனக்கு. கைதட்டினார்கள். மனதுக்கு மிக மகிழ்ச்சி.’ தொகை இல்லை. பஸ் பிந்திய நிமிடங்களை எழுதியவர், தான் கொடுப்பதாகச் சொன்ன தொகையை எழுதவில்லை. அடுத்தடுத்த பக்கங்களிலும் தேடினார். மழை இருந்தது.

“பேர் வெளிய வந்தா எல்லாருக்கும் அவமானம்” என்று வாசலிலிருந்தே சொன்னார் இந்திரகுமார். “ஒங்களுக்குந்தான். பேசாம வச்சிருங்க.” பனிசை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஆராதனை முடிந்து ஆண்டுக் கூட்டம். புதிய ஒலிபெருக்கியின் இரண்டு குழாய்களை வெளியே பலா மரத்தில் கட்டியிருந்தார்கள், மேல்பிரிவு லயம் வரை சுவிசேஷம் கேட்கட்டும் என்று. போதகர் பிரதீபன், “கணக்கு கேக்குறது தப்பில்ல. ஆனா சந்தேகம் விசுவாசத்துக்கு பகை” என்று முன்னுரை சொன்னார். பிறகு இந்திரகுமார், வழக்கமான ‘கணக்குச் சரி’ என்ற இரண்டு சொல்லுக்காக மைக்கை அழகமுத்துவிடம் நீட்டினார். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழகமுத்து தொண்டையைக் கனைத்தார். அது மேல்பிரிவு வரை கேட்டது.

“கூட்டல் சரி” என்றார். “தண்ணி கழிக்கல்ல. இப்ப கழிக்கிறேன். பலாப்பழம், மூணாஞ் சுத்து, அழகமுத்து, ஏழாயிரத்து ஐந்நூறு. கட்டல்ல.”

சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேசையில் எண்ணி வைத்தார். மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக மகள் ஷாமிளா அனுப்பிய காசு. “இப்ப கட்டிட்டேன். அடுத்தது, பலாப்பழம், ஒண்ணாஞ் சுத்து, இந்திரகுமார், மூவாயிரம்.”

“அண்ணே, மைக்க நிப்பாட்டுங்க!”

“அன்னைக்கி மைக்குலதான தம்பி கூப்பிட்டீங்க?”

சுவிட்ச் எங்கே என்று இந்திரகுமாருக்கே தெரியவில்லை. அதைப் பொருத்திக் கொடுத்தது ஒலிபெருக்கிக் கடை ஆள். அழகமுத்து பழைய கண்ணாடியோடு தாளை மூக்கருகே பிடித்து, கோழி, வாழைக்குலை, கீரைக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் வாசித்தார். போதகரின் பன்னிரண்டாயிரம் வந்தபோது மேல்பிரிவிலிருந்து யாரோ விசில் அடித்தது கீழே கேட்டது. அங்கே கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் அதுவரை அந்த ஒலிபெருக்கியை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“சபையின் மானத்தை வாங்கிட்டாரு” என்று ஒருவர் கத்தினார். அவர் பெயரில் இரண்டு கோழி இருந்தன.

வெள்ளையம்மா எழுந்தாள். “ஒங்க பேர மைக்குல கூப்புட்டப்ப எல்லாரும் கைதட்டுனாங்க. நானுந்தான் தட்டுனேன். இப்பவும் அதே பேர், அதே தொகை. இதுல மானம் எங்க போச்சி?” பிறகு அழகமுத்துவிடம், “அண்ணே, எழுதி ஒட்டுங்க. எனக்கு வாசிக்க தெரியாது. ஆனா ஒட்டியிருக்கான்னு பாக்க தெரியும்.”

கண்ணாடிப் பலகைக்குச் சாவி இல்லை என்றார்கள். வெள்ளையம்மா வீட்டிலிருந்து தன் பழைய பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுவரச் செய்தாள். பூட்டுத் தகடு அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை; அவ்வளவுதான் அந்த ஏழு வருடப் பாதுகாப்பு. 2016 போனது. அந்த இடத்தில் அழகமுத்துவின் பட்டியல் ஏறியது. அதற்குக் கீழே மரண உதவி நிதி, 17,500 என்று உள்ளபடி. தோட்டத்தில் நாள் வேலையை முடித்தவருக்கு முழுப் பேர், பாதியில் நின்றவருக்கு அரைப் பேர் போடுவது போல, கட்டியவர் பக்கத்தில் ‘முழு’ என்றும், பாதி கட்டியவர் பக்கத்தில் ‘அரை’ என்றும் ஞாயிறுதோறும் சிவப்பு மையில் எழுதினார்.

ஆண்டுக் கணக்கில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. கூரைக் காசு வரவில்லை. மூன்று இடத்தில் இன்றும் ஒழுகுகிறது, அதையும் மில்லிமீட்டரில் எழுதுகிறார். நான்கு குடும்பங்கள் அவரோடு பேசுவதில்லை. இந்திரகுமார் மார்ச் மாதம் தன்னுடையதைக் கட்டினார், சில்லறையாக, எண்ணட்டும் என்று. எண்ணினார், இரண்டு ரூபாய் கூட இருந்தது, ரசீது கொடுத்தார். ஜூன் முடிவில் வர வேண்டிய 1,34,500இல் 1,21,500 வந்து, நிதி 1,39,000 ஆனது. மிச்சத்தில் ஏழாயிரம் கொழும்புக்கு வேலைக்குப் போன ஒருவருடையது. ஆறாயிரம் போதகருடையது. அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அரை’ நிற்கிறது. விசுவாசத்தைப் பற்றி அவர் இப்போது சுருக்கமாகப் பேசுகிறார்.

வெள்ளையம்மா இன்னும் சாகவில்லை. டொக்டர் வேண்டாம் என்ற படிகளில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வருகிறாள். பலிபீடத்தைப் பார்க்குமுன் அவளுக்கு முதலில் அறிவிப்புப் பலகைதான்.

“அண்ணே, எம் பெட்டி இருக்கா?”

அழகமுத்து வங்கிப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டுகிறார். அவள் கிட்டே குனிந்து, வாசிக்கத் தெரியாத அந்த வரியை நன்றாகப் பார்க்கிறாள்.

“தண்ணி கழிச்சா?”

“கழிச்சிதான்.”

“சரி” என்று பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.