ஞானபாக்கியத்தின் அடைப்புக்குறிகள்

துறைமுகச் சாலையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகக் கடலை வரைந்துகொண்டிருக்கிறாள் நாசரேத் ஞானபாக்கியம். அவள் கடலில் கால் நனைத்ததே குறைவு. சிவப்பிரகாஷ் படகில் போய், கப்பல் நிற்கும் தளத்தையொட்டி எங்கெங்கே எத்தனை மீட்டர் ஆழம் என்று அளந்து வருவான். அந்த ஆயிரத்துச் சொச்சம் எண்களையும் கணினி வரைபடத்தில் அதனதன் இடத்தில் ஒவ்வொன்றாக வைப்பது அவள் வேலை. இரண்டு நாள் பிடிக்கும்.

"சென்னைக் கம்பெனிக்காரன் ரெண்டு மணி நேரத்துல போட்டுத் தாரேங்கான்," என்றார் முதலாளி வேல்ராஜ். "அடுத்த மாசத்துல இருந்து டிராயிங்க அவனுக்கே விட்டுறலாம்னு பாக்கேன்."

"ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி."

வரைபட மென்பொருளுக்குள் நிரல் எழுத லிஸ்ப் என்றொரு மொழி இருப்பது அவளுக்குத் தெரியும், தொட்டதில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் தூக்குச்சட்டியை ஓரம் தள்ளிவிட்டு எடிட்டரைத் திறந்தாள். (+ 7 2) என்று அடித்தாள். செய்யவேண்டியது முன்னால், எதை வைத்துச் செய்வது என்பது பின்னால், எல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள். ஓடவிட்டதும் ஒன்பது என்றது.

மூன்றாம் நாள் எண்களைத் தானாக இடத்தில் வைக்கும் நிரல் பன்னிரண்டு வரி சேர்ந்திருந்தது, ஓட மறுத்தது. எடிட்டர் அடைப்புக்குறிகளுக்குச் சோடி சோடியாக நிறம் கொடுத்திருந்தது. சோடியில்லாமல் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அதற்குச் சோடி போட்டு, போன மாத அளவுகளைக் கொடுத்து ஓடவிட்டாள். எண்கள் பொலபொலவென்று விழுந்தன. தளத்தில் ஒன்றுகூட இல்லை.

எட்டிப் பார்த்த சிவப்பிரகாஷ் சிரித்தான். "யக்கா, நம்ம தளம் இலங்கைக்கும் அந்தப் பக்கம் போயிட்டு!"

அவன் எழுதும் தாளில் வடக்குத் தூரம் முதலில், கிழக்குத் தூரம் அடுத்து. வரைபடத்துக்கோ கிழக்குதான் முதலில் வேண்டும். கையால் வைக்கும்போது அவள் கண் தானாக மாற்றிக்கொள்ளும். லிஸ்ப்புக்கு அதைச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னாள். ஒரு நிமிடத்துக்குள் எண்களெல்லாம் தளத்தையொட்டி வந்து உட்கார்ந்தன.

"சரின்னு எப்படி நம்ப?" என்றார் வேல்ராஜ். "போன மாசம் நீ கையால போட்டதோட ஒத்துப் பாரு. ஒரு எண் மாறுனாலும் சென்னைதான்."

வெள்ளிக்கிழமை மதியம்வரை பார்த்தாள். முடிகிற நேரத்தில் ஓரிடத்தில் லிஸ்ப் 12.1 என்றது, அவள் வரைந்தது 11.2. சிவப்பிரகாஷின் தாளை எடுத்தாள். 12.1.

அவள் கையால் வரைந்த அந்த வரைபடம் கையெழுத்தாகித் தளத்துக்காரர்களிடம் போய் மூன்று வாரம். திரையில் பழைய எண்ணை மாற்றிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. மவுசை அதன்மேல் வைத்தாள். பிறகு எழுந்து வேல்ராஜிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு மாறுது."

"அப்ப சென்னைதான்."

"லிஸ்ப் சரியாத்தான் போட்டிருக்கு. தப்பு நான் கையால போட்டதுல."

வேல்ராஜ் எழுந்து வந்து தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லவேள, கொறச்சுப் போட்டிருக்க. கூட்டிப் போட்டிருந்தா கப்பல் தரை தட்டியிருக்கும்ளா. திருத்தி இப்பவே அனுப்பு. நான் போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன்."

"சென்னைக்கா?"

"சென்னைக்கு எதுக்கு? தளத்துக்காரனுக்கு. திங்கக்கெழம சிவா அடுத்த அளவு கொண்டு வாரான். அத இதுலயே ஓட்டு."

திருத்திய வரைபடம் போனது. அரைப்புள்ளி வைத்துத் தொடங்கும் வரியை லிஸ்ப் கண்டுகொள்ளாது. அது படிக்கிற ஆளுக்கு. நிரலின் தலைமாட்டில் அப்படி ஒரு வரி சேர்த்தாள்: ; தாளில் வடக்குதான் முதலில்.

சேமித்துவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவப் போனாள்.