தனலெட்சுமி சிஸ்டர் வீடு திரும்பிய நாள்

செல்வம் போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்: "பெரியம்மா செத்துட்டாங்க. விடியக்காலைல மாரடைப்பு. சாயங்காலம் எடுக்குறோம்." நான் எங்கே இருக்கிறேன், கூட யாரும் இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் என்ன பிள்ளை இவன் என்று நினைத்திருப்பார்கள். சாவுச் செய்தியை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவனைப் பழக்கியதே அந்தப் பெரியம்மாதான் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் பழக்கினார் என்பதும் தெரியும்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த நமக்கு அவர் தனலெட்சுமி சிஸ்டர். நான் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தேன், அவர் வார்டில். ஒருநாள் விபத்தில் அடிபட்டு வந்த பையன் இறந்துவிட்டான். வெளியே அவன் அம்மா. யார் போய்ச் சொல்வது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஆத்தா, ஒம் மகன் செத்துட்டான்" என்றார். அந்த அம்மா ஓங்கி ஒரு அறை விட்டார். கன்னம் சிவந்தபடியே மருந்து வாங்க என்னிடம் வந்தவர், "இழுத்தடிச்சு என்ன ஆகப்போகுது மல்லிகா? அவங்க அழ வேண்டிய நேரத்த நாம பிடுங்கிக்கிறோம், அவ்வளவுதான்" என்றார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைம்பெண்ணான தங்கை கமலத்தையும் தங்கை மகன் செல்வத்தையும் திருவரங்குளத்தில் தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நர்ஸிங் படிக்கும்போது ஒரே அறையில் இருந்த தோழிகள் மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்டார்கள். அவர்களைப் பார்க்க வேண்டும். தனியாக எப்படி என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். கமலம்தான், "நீ போயிட்டு வாக்கா, நான் எங்கிட்டுப் போயிரப் போறேன்" என்று அனுப்பிவைத்தார். வீங்கிய காலுக்கு மெத்தென்று ஒரு செருப்பு மட்டும் வாங்கி வரச் சொன்னார். சிஸ்டர் தங்கையின் பாதத்தை நூலால் அளந்து எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதப் பயணம். கடைசியாக ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்தபோது கமலத்துக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சுக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. செல்வம் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னான். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்: தனியாக இருப்பவள், அவ்வளவு தூரம் அழுதுகொண்டே வர வேண்டாம், வீட்டுக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும். கமலம் கோயிலுக்குப் போயிருக்கிறார், தொண்டை கட்டியிருக்கிறது, தூங்குகிறார் என்று செல்வம் நாளுக்கொன்று சொன்னான். நர்ஸ் மனதுக்குச் சந்தேகம் வந்தபோது ஸ்டெல்லா, "இப்பத்தான் நான் பேசுனேன், நல்லாத்தான் இருக்கா" என்றாராம். தோழி சொன்னதால் சிஸ்டர் நம்பினார்.

நானும் அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன்; எனக்கும் யாரும் சொல்லவில்லை. சிஸ்டர் வரும் நாள் தெரிந்து, வரவேற்கலாம் என்று பூ வாங்கிக்கொண்டு திருவரங்குளம் போனேன். வாசலில் பந்தக்கால் நட்ட குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. உள்ளே கமலத்தின் படம், மாலையோடு. நான் விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கார் வந்து நின்றது.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து சிஸ்டர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். கீரனூரில் காரை நிறுத்தச் சொல்லி, தங்கைக்குப் பிடிக்குமென்று சூடாகப் பக்கோடா வாங்கியிருக்கிறார். அழைத்துவரப் போன செல்வம் அப்போதும் சொல்லவில்லை. எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்தார். அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, செல்வத்தை எதிரே நிற்கச் சொன்னார்.

"கோயிலுக்குப் போயிருக்குன்னு சொன்னியே, அன்னைக்கு எங்க இருந்தா?"

"ஆஸ்பத்திரில."

"தொண்ட கட்டியிருக்குன்னு சொன்ன அன்னைக்கு?"

"மூக்குல கொழாய் போட்டிருந்தாங்க, பெரியம்மா."

"தூங்குதுன்னு சொன்னியே."

அவன் தலை குனிந்தான். "அன்னைக்குத்தான்."

அவன் அழ ஆரம்பித்தான். அவர் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். முடித்ததும் கேட்டார்: "என்னையத் தேடுனாளா?"

"தேடுச்சு. டிக்கெட் போட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அவளிடமும் பொய்யா என்று சிஸ்டர் கேட்டார்.

இதைவிடக் கொடுமை மறுநாள் தெரியவந்தது. கமலத்தை எடுத்த அன்று, மனதை மாற்றுவதற்காக ஸ்டெல்லா அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கையில் ஐஸ்கிரீமோடு சிஸ்டர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கைமாற்றிப் பார்த்து, தங்கச்சி பொணம் கெடக்கையில இவளுக்குச் சிரிப்பு என்று பேசியிருக்கிறார்கள். அவருக்கு எதுவும் தெரியாது என்று செல்வம் சொல்லியும், யாரும் நம்பவில்லை.

ஸ்டெல்லா போன் செய்தார். தெரிந்திருந்தாலும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது, உன் நல்லதுக்குத்தான் என்று அழுதார். சிஸ்டர் பேசியது இவ்வளவுதான்: "வந்து சேந்துருக்க மாட்டேன். ஆனா அன்னைக்குச் சிரிச்சிருக்க மாட்டேன்." நாற்பது வருட சிநேகம் அத்தோடு முடிந்தது. மற்றத் தோழிகளின் அழைப்புகளையும் அவர் பிறகு எடுக்கவில்லை.

சிஸ்டரை நேசித்தவர்கள் இனி நான் எழுதுவதை விரும்ப மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு, சாகும்வரை ஒரு வருடம், செல்வம் வேலை முடிந்து வந்ததும் அவனை எதிரே உட்கார வைத்து அந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்டார். கமலம் என்ன சாப்பிட்டாள், யார் முகம் துடைத்துவிட்டார்கள், கடைசியில் கை சில்லிட்டிருந்ததா. சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தார். ஒரு வார்த்தை மாறினால் நேற்று வேறு மாதிரி சொன்னாயே என்றார். பையன் இளைத்துத் துரும்பானான். அந்த வீட்டை விட்டுப் போய்விடு என்று நானே அவனிடம் சொன்னேன். அவன் போகவில்லை, காலையில் காப்பி போட்டுக் கொடுத்தான், மாலையில் பதில் சொன்னான்.

ஒருமுறை பொறுக்க முடியாமல், "விட்ருங்க சிஸ்டர், அவன் பாவம்" என்றேன்.

"பாவந்தான். அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

அவர் மன்னிக்கவில்லை. கடைசி நேரத்தில் ஏதாவது நடந்திருக்குமோ என்று நீங்கள் எதிர்பார்த்தால், எதுவும் நடக்கவில்லை. காப்பியோடு போனவன் அவர் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். சுடுகாட்டிலிருந்து வந்தபின், "இனிமே என்னைய யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னான். அது நிம்மதியா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார். நெடுநேரம் எதையெதையோ பேசிவிட்டு, "மல்லிகா, என்னையப் பத்தி கடைசில எதாவது சொன்னாளா?" என்றார்.

உங்களை விசாரித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயதானவர், இருதய நோயாளி, கடல் தாண்டி இருப்பவர். சொன்னால் அன்று இரவு தூங்கியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லக்கா. ஒங்க பேரையே எடுக்கல" என்றேன்.

அந்தப் பக்கம் போன் வைக்கும் சத்தம் கேட்டது. சிஸ்டரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான். இதை நல்ல குணம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. விட்டுவிடவும் முடியவில்லை.