சேரன்மகாதேவியில் எஸ்தர் கேட்ட மண்டபம்

1912 மாசியில், என் தங்கை எஸ்தர் வீட்டுக்கு ஒரு மண்டபத்துக்குப் படம் வரைந்து கொடுக்கச் சேரன்மகாதேவி போனேன். முந்தின ஆண்டு அம்மை கண்டு அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. தோட்டத்தில் விழுந்து கை ஒடிந்தபின், அவள் கணவர் சாமுவேல் வாத்தியார் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டார். வீட்டையும் தோட்டத்தையும் பழைய தொழுவத்தையும் ஒரே கூரையால் இணைத்தால் அவள் பயமின்றி நடக்கலாமே என்று எனக்கு எழுதியிருந்தார்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்குச் செங்கோட்டை ரயில் ஏறினேன். பதினொரு மைல், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைலுக்கு மாட்டுவண்டி, இரண்டணா. வழிநெடுக, அவர்கள் கொல்லைவரை, வாய்க்கால் கூடவே வருகிறது.

நாற்பத்திரண்டு அடி நீளம், இருபுறமும் செங்கல் சுவர் என்று வரைந்து கொண்டுபோயிருந்தேன். எஸ்தருக்கு விவரமாகச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் செவரா அண்ணே?"

"நீ விழாம இருக்கணும்லா."

"வாய்க்கால் சத்தம் இந்தக் காதுல கேட்டா, தொழுவம் நேரா இருக்குன்னு தெரியும். அதையும் அடைச்சிட்டா நான் எங்கன நிக்கேன்னே தெரியாதே."

"நீ மறுபடி விழுந்துட்டா?" என்றார் சாமுவேல்.

"விழுந்தா எந்திரிப்பேன். உள்ளயே இருக்கத்தான் என்னால முடியல."

சாமுவேல் எழுந்து உள்ளே போனார். கொல்லைக் கதவின் சாவியை எடுத்து வந்தார்.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தாள். பிச்சிக்கொடிப் பக்கம் நின்று, "இங்கன உக்கார இடம் வையிங்க" என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து வேறு படம் வரைந்தேன். சுவர் இல்லை, ஐந்தடிக்கு ஒரு கல்தூண், இடுப்பளவில் மரக்கைப்பிடி, மேலே ஓடு. பிச்சிக்கொடி அருகே மட்டும் பத்தடிச் சதுரம்.

ஆவணியில் மறுபடி போனபோது மண்டபம் முடிந்திருந்தது. எஸ்தர் தனியாகத் தொழுவத்துக்குப் போனாள். சாமுவேல் மடியில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டை விரித்தபடி, எழுந்து அவள் பின்னாலேயே போய்விடாமல் தன்னைப் பிடித்துவைத்திருந்தார். பால் செம்போடு திரும்பியவள் கேட்டாள்:

"ஒரு சத்தத்தையும் காணோம். இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குத் தையும் மாசியும் ஏற்றவை. ஐப்பசியில் வண்டித்தடம் சேறாகிவிடும். வீடு வரையப் போகிறவர்கள், அங்கே வாழப்போகிறவரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். முதல் படத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவதற்கு, அவளோடு நடந்த அரைமணி போதுமாக இருந்தது.