லைசென்ஸுக்கு வைத்த பொட்டு

போன வாரம் மந்தைவெளியில் என் மகனுடைய பொட்டிக்கடைக்கு ரெண்டு அதிகாரிகள் வந்து, பள்ளிக்கூடத்து கேட்டிலிருந்து கடை வாசல்வரை டேப் பிடித்து அளந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாதாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதாம், அந்தப் பிள்ளை கடையில் நின்று விற்கவும் கூடாதாம். நல்ல சட்டம்தான். நல்லவேளை, அளவு தாண்டித்தான் இருந்தது. மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “லைசென்ஸ் எங்க?” என்றார்கள். சுவரைக் காட்டினான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு இன்னா ஆச்சு என்று மகன் முறைத்தான்.

ஏழு வயதில் இதே கடையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று பீடிக்கட்டு எடுத்துக் கொடுத்தவள் நான். அப்போது கடை என் நைனாவுடையது. வாசல் கம்பத்தில் பீடி பற்றவைக்க நெருப்புக் கயிறு ஒன்று புகைந்துகொண்டே தொங்கும். அதில் என் தீபாவளிப் பாவாடை ஓட்டையானது பெரிய கதை, அது கிடக்கட்டும்.

நைனா லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் மூணு பேருக்கும் சேர்த்தே ஊதுபத்தி. அதனால் லைசென்ஸும் ஒரு சாமி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அந்த வருஷம் பங்குனியோடு லைசென்ஸ் முடிந்துபோயிருந்தது. புதுசு வாங்க இடத்துச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். அவரோ பம்பாயில் மகன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார், தீபாவளிக்குத்தான் வருவார். அதற்குள் பக்கத்துத் தெருவில் இன்ஸ்பெக்டர் வந்து, லைசென்ஸ் இல்லாத ரெண்டு கடைகளின் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நைனாவும் அம்மாவும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியே ஆயுதபூஜை வந்தது. தராசு, பாக்குவெட்டி, மிட்டாய் ஜாடி, பழைய ரேடியோ என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. ஸ்டூல் மேல் ஏறி லைசென்ஸுக்கும் சின்னதாக ஒன்று வைத்தேன். கீழே நின்ற நைனா, “அங்க இல்ல கண்ணு. கீழ, ஓரமா. ஆங், அந்த நம்பரு மேலயே வை. இன்னும் பெர்சா!” என்றார்.

“பூசணிக்காய்க்கே இவ்ளோ குங்குமம் கெடையாது, லைசென்ஸுக்கா?” என்றாள் அம்மா.

“நீ சும்மா கெட. கொழந்த பக்தியா வெக்கிது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வடை சைஸுக்குச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்த மூணாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டத்தின் அருகே போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். “இன்னாய்யா, பேரு தெரியுது, ஊரு தெரியுது, எந்த வருஷம்னு மட்டும் தெரியலயே?” என்று கைக்குட்டையை எடுத்தார்.

நான் ஸ்டூலிலிருந்து கத்தினேன்: “தொடைக்காதீங்க! நான் வெச்ச பொட்டு அது. சாமி கண்ணக் குத்திடும்!”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். வேர்த்து ஊற்றும் நைனாவைப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு, என் பொட்டிலிருந்து ஒரு விரல் குங்குமம் எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

“எடத்துக்காரரு பம்பாய்ல கீறாராமே, எப்ப வர்றாரு?”

“தீபாவளிக்கு சார்.”

“தீபாவளி முடிஞ்சி நான் வருவேன். அப்ப எந்தச் சாமியும் வராது, பாத்துக்க.”

ரெண்டு வாழைப்பழம் கொடுத்ததற்கு வேண்டாம் என்று போய்விட்டார். எவ்வளவு பக்தியான மனுஷன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தங்கரை வரை போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. ரோஸ்மில்க் குடிக்கும்போது யார் கேட்பார்கள்?

தீபாவளிக்கு இடத்துச் சொந்தக்காரர் வந்தார், கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்குள் புதுத் தாள் ஏறியது.

அடுத்த ஆயுதபூஜைக்கு நான் உள்ளங்கை நிறையச் சந்தனத்தோடு ஸ்டூலில் ஏறினேன். நைனா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். “அங்க வேணாம் கண்ணு! மேல, மூலையில சின்னதா ஒண்ணு வை, போதும்.” ஒரே வருஷத்தில் நைனாவுக்குச் சாமி பயம் விட்டுப்போச்சே என்று நான் ஓவென்று அழுதேன்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த வருஷத்துப் புதுத் தாளைப் படித்தார். அழுகிற என்னைக் குனிந்து பார்த்தார். “இன்னா பாப்பா, இந்த வருஷம் லைசென்ஸுக்குப் பொட்டு இல்லியா?”

நைனா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமிக்குப் பொட்டு வைக்காததற்கு இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.